வியாழக்கிழமைக் கண்ணாடி

கோதையின் கண்ணாடித் துண்டைப் பற்றி, புனே பக்கத்துத் தளேகாவ் ஆய்வுக்கூடத்தில் இரண்டு கட்சி இருந்தது. அதை அவள்தான் செய்தாள் என்பது ஒரு கட்சி. அந்தக் கட்சியில் கோதை மட்டும் இருந்தாள். எங்கேயோ விலைக்கு வாங்கி வந்து, தான் செய்ததாகக் காட்டுகிறாள் என்பது மற்றக் கட்சி. அந்த அர்த்தம் வரும்படி வாய் திறந்தவர் பத்ரிநாத் ஒருவர்தான். ஆனால் கேட்டவர்களில் ஒருவர்கூட, சேச்சே, கோதை அப்படிப்பட்டவள் இல்லை என்று மறுத்துப் பேசவில்லை. அதுதான் அவளுக்கு அடிவயிற்றில் எரிந்தது.

பார்க்கப்போனால் அந்தத் துண்டில் ஒன்றுமே இல்லை. சதுர பிஸ்கட் அளவு. ஜன்னல் கண்ணாடி போல நிறமற்றது. தெருவில் கிடந்தால் குனிந்து எடுக்க ஆள் இருக்காது. ஆனால் இருட்டறையில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை அதன்மேல் விட்டுப் பாருங்கள். பச்சையென்றால் அப்படியொரு பச்சை பொங்கிக்கொண்டு வரும். எதிர்ச்சுவரில் மாட்டிய காலண்டரில் தேதி படிக்கலாம்.

அந்தப் பச்சைக்குக் காரணம் எர்பியம் என்கிற அரிய உலோகம். மணலோடும் இன்னும் சில பொடிகளோடும் அதன் உப்பை ஒரு சிட்டிகை கலந்து, உலையில் உருக்கி, பித்தளைத் தட்டில் ஊற்றினால் கண்ணாடி தயார். ஆனால் வெறும் கண்ணாடிக்குள் எர்பியத்துக்கு இருப்புக் கொள்ளாது. லேசரிடமிருந்து வாங்கிய சக்தியில் பெரும்பங்கைச் சுற்றியிருக்கும் அணுக்களின் அதிர்வு பிடுங்கிக்கொள்ளும். மிச்சத்தில் ஏதோ மினுக்கென்று காட்டும். அதே கண்ணாடியை மறுபடி, உருகாமல் நன்றாக இளகிநிற்கிற சூட்டில் வேகவைத்தால், உள்ளே பொடிப் பொடியாகப் படிகங்கள் விளையும். எர்பியம் போய் அவற்றுக்குள் குடியேறிவிடும். அங்கே பிடுங்குவார் குறைவு. வாங்கியதை வெளிச்சமாகக் கொட்டும்.

எல்லாம் அந்த இரண்டாம் சூட்டில் இருக்கிறது. குறைந்தால் படிகம் வராது. கூடினால் படிகங்கள் பருத்து, கண்ணாடி பால் போல வெளுத்துவிடும். உள்ளே பிறக்கிற வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே சிதறிப்போகும்.

கோதைக்குப் பொள்ளாச்சி. கல்யாணத்துக்குப் பிறகு புனே. கணவன் சந்துருவுக்கு ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை, வீடு வாகட்டில். அவள் வேலை பார்த்ததோ தளேகாவ் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு சின்ன தனியார் ஆய்வுக்கூடத்தில். தன் வேலையில் அவளுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. "எனக்குத் தெரியுமுங்க" என்பது அவள் வாயில் நாள் முழுக்கப் புரளும். எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அவளுக்குத் தெரிந்தும் இருக்கும்.

அந்தத் துண்டு பிறந்தது ஒரு வியாழக்கிழமை. வியாழன்தான் பேட்டைக்கு வாரவிடுமுறை. பக்கத்து ஆலையின் தடதடப்பு இருக்காது. ஆகவே கோதை முக்கியமான துண்டுகளை அன்றைக்கு வைத்துக்கொள்வாள். உலையை மூட்டிவிட்டு மேல்மாடிக்கு வந்து, கணினியில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் டீ கேட்டபோது, டீ போடும் பார்வதிபாய், "ஷேகடி பந்த் ஆஹே" என்று கையை விரித்தாள். இண்டக்‌ஷன் அடுப்பு எரியவில்லையாம். போன மாதம் வாங்கிய அடுப்பு! கோதைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கடைக்காரனைப் பிடி, மாற்றித் தரச் சொல் என்று பாதி இந்தியிலும் பாதி மராத்தியிலும் கத்தித் தீர்த்தாள். பிற்பகலில் அடுப்பு தானாகவே எரிந்தது. பார்வதிபாய் டீயைக் கொண்டுவந்து மேசைமேல் 'ணங்'கென்று வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் உலையைத் திறந்தால், அந்தத் துண்டு. லேசரைப் போட்டதும் ஆய்வுக்கூடத் தலைவி வைஜயந்தி மேடமே ஓடி வந்து பார்த்தார். சரி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா கோதை? "இந்தியாவுல இதுக்கு மேல யாராச்சும் செஞ்சிருந்தா கொண்டாந்து காட்டச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் படத்தோடு மெயில் போயிற்று. அவர்கள் அறுவைசிகிச்சைக் கருவிகளுக்கு இப்படியொரு கண்ணாடி தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் தலைகீழாக நின்றும் அந்தப் பச்சை வரவில்லை. அதே பொடி, அதே உலை, அதே சூடு. ஒன்று மங்கலாக வந்தது, இல்லையென்றால் தயிர்க்கட்டி போல வெளுத்து வந்தது. ஒவ்வொன்றையும் வெளிச்சம் அளக்கும் பத்ரிநாத்திடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

பத்ரிநாத் புனேயில், கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பாவுக்கு அங்கே வெடிமருந்து ஆலையில் வேலை. அவர் பேசும் தமிழில் புனே பாதி இருக்கும். பொல்லாதவர் இல்லை. கருவி என்ன சொல்லுமோ அதைச் சொல்லுவார், ஒரு சொல் கூட்ட மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஆகவே ஒரு நாள் சொல்லியும் விட்டார்.

"தேக், இதைப் பாரு கோதை. நான் பார்த்ததைச் சொல்றேன். நீ இப்போ கொண்டுவரது எல்லாம் ஒரு ஜாதி. அந்த முதல் பீஸ் வேற ஜாதி. ரெண்டும் ஒரே அடுப்புல வெந்ததுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது."

"அப்ப நான் கடையில வாங்கிட்டு வந்தேன்னு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலை. எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியலைன்னு சொல்றேன்."

தெரியலை என்று சொன்னதோடு விடவில்லை மனுஷர். அந்தத் துண்டு இருந்த பிளாஸ்டிக் டப்பியின்மேல், மூலம் தெரியாதது என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டும் ஒட்டிவிட்டார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் படித்தார்கள். கோதை அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது அவள் கண்ணில் குத்தியது.

புதன்கிழமை வைஜயந்தி மேடம் கூப்பிட்டார். திங்கட்கிழமை பெங்களூர்க்காரர்கள் நேரில் வருகிறார்கள்.

"எனக்கு வேற வழி இல்லை, கோதை. சனிக்கிழமைக்குள்ள இன்னொண்ணு பண்ணிக் காட்டு. முடியலைன்னா அந்த பீஸ் எங்க லேப்ல பண்ணதில்லைன்னு அவாளுக்கு எழுதிடுவேன். உன் மேல எனக்குக் கோபம் கிடையாது. ஆனா என் லேப் பேரும் இருக்கே."

அப்படி எழுதினால் என்ன அர்த்தம்? கோதை அடுத்தவன் சரக்கைத் தன்னுடையது என்று காட்டினாள் என்று அர்த்தம். இந்தத் துறையில் மொத்தமே ஒரு கை எண்ணிக்கைக்குள் ஆய்வுக்கூடங்கள். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஒருமுறை அந்தப் பெயர் எடுத்துவிட்டால் அப்புறம் ஒருத்தரும் அவளை உலை பக்கம் விட மாட்டார்கள். அவள் அழவில்லை. "நான் செஞ்சதுதானுங்க. எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் தலைவலி என்று லீவு போட்டாள்.

சந்துருவுக்கு வியாழக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. மனைவியைச் சமாதானப்படுத்த கேக் செய்கிறேன் என்று கிளம்பினான். புது ஓவன், அதில் அவனுக்கு இரண்டாவது கேக். மாவை உள்ளே வைத்து, டைமரைத் திருகிவிட்டு, ஒரு மீட்டிங்கில் போய் உட்கார்ந்துகொண்டான். கோதை கூடத்தில் சோபாவில் படுத்து, சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, பத்ரிநாத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். டைமர் 'டிங்' என்றது.

"கோதை, இங்க வா கொஞ்சம்" என்று சமையலறையிலிருந்து சந்துருவின் குரல் வந்தது. தட்டில் மாவு. ஓரம் மட்டும் லேசாக இறுகியிருந்தது, நடுவில் குழகுழவென்று ஆடியது. "டைம் முடிஞ்சிருச்சு. இது என்ன இப்படி இருக்குது?"

கோதை ஓவனைப் பார்த்தாள். அதன் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

"கரண்ட் இல்லீங்க மாமா."

"லைட்டு எரியுது, ஃபேன் ஓடுது. என்ன சொல்றே நீ?"

"லைட்டும் ஃபேனும் அபார்ட்மென்ட் ஜெனரேட்டர்ல ஓடும். ஓவனும் கீசரும் அதுல கிடையாது. இன்னிக்கு வியாழக்கிழமைல்ல? அப்பப்ப லைன் வேலைன்னு இன்னிக்குத்தான் நிறுத்துவாங்க. டைமர் சாவி கொடுத்த மாதிரி அதுபாட்டுக்கு ஓடி முடிச்சிருச்சு, உள்ள சூடு இருந்துச்சா இல்லையான்னு அதுக்கு என்ன..."

பாதியில் நிறுத்தினாள். வாய் திறந்தபடியே நின்றது.

"என்னாச்சு?"

"டீ!" என்று கத்தினாள் கோதை. "அன்னிக்கு எனக்கு டீ கிடைக்கலே!"

சந்துரு பயந்துபோய் டீத்தூள் டப்பாவை எடுத்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

அடுப்பு கெட்டுப்போகவே இல்லை. அன்றைக்குத் தளேகாவில் கரண்ட் போயிருந்தது. மாடியில் விளக்கும் கணினியும் ஏசியும் ஜெனரேட்டரில் ஓடியதால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதிகம் மின்சாரம் இழுக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு அதில் கிடையாது. உலையும் கிடையாது! உலையின் சூட்டுக் கணக்கைப் பார்க்கும் கன்ட்ரோலருக்கு மட்டும் தனி பேட்டரி. சூடு பின்தங்கினால் அது பொறுமையாகக் காத்திருக்கும். மறுபடி எட்டிப் பிடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைசியில், எல்லாம் சரியாக முடிந்தது என்று பச்சை விளக்கு காட்டும். கோதை அந்தப் பச்சை விளக்கை நம்பினாள். சந்துரு 'டிங்'கை நம்பின மாதிரி.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு இப்போது கண்ணாடி போலத் தெரிந்தது. சூடு ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. கனத்த செங்கல் உலை சட்டென்று ஆறாது. கண்ணாடி இளகத் தொடங்கும் அந்த இளஞ்சூட்டிலேயே நெடுநேரம் கிடந்திருக்கிறது. அந்தச் சூட்டில் படிகம் வளராது. ஆனால் படிகத்துக்கு வேண்டிய விதைகள் கோடிக்கணக்கில் விழும். கரண்ட் வந்து சூடு ஏறியபோது அத்தனை விதைகளும் ஒன்றாக வளரப் பார்த்திருக்கின்றன. பந்தியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு வயிறு முட்டச் சாப்பாடு. ஆயிரம் பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு கவளம்தான். எல்லாம் பொடிப் படிகங்களாகவே நின்றுவிட்டன. கண்ணாடி வெளுக்கவில்லை. எர்பியத்துக்கு மட்டும் கோடி வீடு கிடைத்துவிட்டது.

கரண்ட் வந்ததும் சந்துரு கேக்கை மறுபடி வேகவைத்தான். அது செங்கல் மாதிரி வந்தது. கோதை இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

"எதுக்கும் யாருக்கும் சொல்லாம, ஒரு வீணாப்போன துண்டை வெச்சு மொதல்ல செஞ்சு பாத்துக்கோ" என்றான் சந்துரு.

"எதுக்கு? எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை காலையில் வைஜயந்தி மேடத்தையும் பத்ரிநாத்தையும் உலைக்கூடத்துக்கே வரவழைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். கரண்ட் போனதை, டீ கிடைக்காததை, கேக் உட்பட. வைஜயந்தி மேடத்தின் முகம் தெளிந்தது. பத்ரிநாத் தாடையைத் தடவினார்.

"லாஜிக் சரிதான். இன்னிக்குப் புதுசா ஒண்ணு பண்ணு, அதுவும் வரும்னே வெச்சுப்போம். அதுக்கு அர்த்தம் இப்போ உனக்குப் பண்ணத் தெரிஞ்சுடுத்துன்னு. அந்தப் பழைய பீஸ் எங்கேர்ந்து வந்ததுன்னு அது எப்படிச் சொல்லும்?"

"பத்ரி, போதும்" என்றார் வைஜயந்தி மேடம்.

"இல்லீங்க மேடம், அவர் கேட்டது நியாயந்தான்" என்றாள் கோதை. முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று போய் அலமாரியைத் திறந்து, சீட்டு ஒட்டிய டப்பியை எடுத்து வந்தாள். "இதையே உருக்கிடறேன்."

"என்னது?"

"இது வெலைக்கு வாங்கின படிகமா இருந்தா, உருக்கி ஊத்தினதோட அதோட கதை முடிஞ்சுது. நம்ம உலையில எத்தனை வேகவெச்சாலும் திரும்ப இப்படி வராது. நான் செஞ்ச கண்ணாடியா இருந்தா, உருக்கினதும் மத்தது மாதிரியே மங்கிப்போகும். அப்புறம் அந்த வியாழக்கிழமைச் சூட்டைக் காட்டினா மறுபடி எரியும்."

"எரியலைன்னா?" என்றார் பத்ரிநாத்.

"எரியலைன்னா நீங்க ஒட்டின சீட்டு சரிங்க."

"திங்கட்கிழமை அவா வந்து கேட்டா நான் எதைக் காட்டறது?" வைஜயந்தி மேடம் டப்பியைப் பிடுங்கக் கை நீட்டினார். "இருக்கிறதே அது ஒண்ணுதான்!"

"ஒண்ணு இதைக் காட்டுவோம். இல்லைன்னா என்ற ராஜினாமாவைக் காட்டுங்க."

பேச்சு பேச்சாக இருக்கும்போதே துண்டைப் பிளாட்டினக் கிண்ணத்தில் போட்டாள். 'கிளிங்' என்றது. படிகம் விளைவதற்காகப் பொடியில் கலந்த ஃப்ளோரைடு உருக்கும்போது கொஞ்சம் ஆவியாகிப் பறக்கும். அது அதிகம் போய்விட்டால் படிகத்துக்குச் சரக்கு இல்லாமல் போகும். சந்துரு சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டு, மூடியை இறுக்கி, கிண்ணத்தை உலைக்குள் வைத்தாள்.

உருகியதும் இடுக்கியால் எடுத்துப் பித்தளைத் தட்டில் ஊற்றினாள். கிண்ணத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. வந்தது பாதி பிஸ்கட்தான். ஆறியதும் பத்ரிநாத்தே இருட்டறைக்கு எடுத்துப் போய் லேசரைப் போட்டார். எலும்பும் தோலுமாக ஒரு பச்சைக் கீற்று தெரிந்தது. எத்தனை எட்டிப் பார்த்தாலும் காலண்டர் தெரியவில்லை.

"கேலா" என்றார். போயிற்று என்று அர்த்தம். சந்தோஷமாகச் சொல்லவில்லை. அவருக்கே சங்கடமாக இருந்தது.

கோதை அதை வாங்கிக் கொண்டுபோய் அன்றைக்கு வேகவைத்த அதே செங்கல் உலையில் வைத்தாள். சூடு ஏறியது. கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்று அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை. பார்வதிபாயோடு சண்டை போட்ட நேரமும், டீ மேசையில் 'ணங்'கென்று விழுந்த நேரமும் அவளுக்கு மனப்பாடம். கோபக்காரிக்கு அதெல்லாம் மறக்காது. நேரம் வந்ததும் சுவரோரம் போய் உலையின் மெயின் சுவிட்சை 'டப்'பென்று அணைத்தாள்.

வேலை நடக்கும்போது உலையை அணைப்பதா! வைஜயந்தி மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று பேரும் போய் டீ குடித்தார்கள். இண்டக்‌ஷன் அடுப்பு அன்று ஒழுங்காக எரிந்தது. பத்ரிநாத் இரண்டாவது டீ கேட்டு வாங்கி, அதையும் குடிக்காமல் ஆற விட்டார். கோதை திரும்பிப் போய் சுவிட்சைப் போட்டாள். உலை உறுமிக்கொண்டு சூடு ஏறியது. அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. காத்திருப்பது அவளுக்கு வராத ஒரே வேலை. மாடிக்கும் கீழுக்கும் நடந்து நடந்து பார்வதிபாய் துடைத்த படியையெல்லாம் அழுக்காக்கினாள்.

சாயங்காலம் உலையைத் திறந்தபோது முதலில் குனிந்து பார்த்தவள் அவள்தான். வெளுக்கவில்லை. தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. ஆனால் தெளிவாக இருந்தால் மட்டும் போதுமா? ஒன்றுமே விளையாத கண்ணாடியும் தெளிவாகத்தானே இருக்கும். துண்டு ஆறுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இருட்டறையில் மூவரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். "நீங்களே போடுங்க, பத்ரி சார்" என்றாள். பத்ரிநாத் லேசர் சாவியைத் திருப்பினார்.

பச்சை பொங்கியது. மேசை தெரிந்தது. வைஜயந்தி மேடத்தின் வாய் திறந்திருந்தது தெரிந்தது. எதிர்ச்சுவரில் காலண்டர் தெரிந்தது. அதில் வெள்ளிக்கிழமை தெரிந்தது.

"அய்யய்யோ" என்றார் வைஜயந்தி மேடம், சிரித்துக்கொண்டே.

பத்ரிநாத் அளந்தார். திரையைப் பார்த்தார். கருவியைச் சரிபார்த்து மறுபடி அளந்தார். அப்புறம் லேசரை அணைத்து, விளக்கைப் போட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"அதேதான்" என்றார். "தப்பு என்னோடது, கோதை. உன்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது."

டப்பியை எடுத்தார். தான் ஒட்டிய சீட்டை நகத்தால் கிள்ளிக் கிள்ளி உரித்தார். அது லேசில் வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். புதுச் சீட்டு ஒன்றை ஒட்டி, மார்க்கரை எடுத்து, சின்ன வயதில் அம்மாவிடம் படித்த தமிழில், பெரிய பெரிய எழுத்தாக, கோதை செய்தது என்று எழுதினார். கட்கியில் வளர்ந்த கை, கோணல்மாணலாக ஓடியது.

இத்தனை நாள் யார் என்ன சொன்னபோதும் வராத அழுகை கோதைக்கு அப்போது வந்து தொலைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"கீழ வியாழக்கிழமைன்னும் போடுங்க சார். பாதி வேலை அதுதான் செஞ்சுது."

"திங்கட்கிழமை அவா பார்ப்பா. தற்செயலா வந்ததுன்னு தெரிஞ்சா பரவாயில்லையா?"

"அன்னிக்குத் தற்செயல். இன்னிக்கு சுவிட்சை அணைச்சது யாரு? போடுங்க."

அவர் போட்டார். கோதை டப்பியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். கண் நிறைந்திருந்ததால் ஓர் எழுத்தும் தெரியவில்லை. அதற்கும் பத்ரிநாத்தின் கையெழுத்தைத்தான் திட்டினாள்.